கிணற்று நீரும் வயிற்றோட்டமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெய்யும் மழை மண்ணினூடு இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலே தங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. அந்நன்னீரையே நம் முன்னோர் கிணறு வெட்டித் துலாவிட்டு இறைத்தனர். நாம் மின்பொறியால் இறைக்கின்றோம். தெளிந்து குளிர்ந்த இந்நீரை ஐயுறுதற்கு யாருக்குத்தான் மனம் வரும்?

ஆயினும் தெளிவு வேறு, தூய்மை வேறு. மணலிலே நீர் மெல்ல வடியுங்கால் கிருமிகள் பல வழியிலேயே மடிகின்றன. சுண்ணக்கல்லிலோ வெடிப்புகளே வாய்க்கால்களாதலின், மலசலகூடக் குழியிற் கசிவது வடிகட்டப்படாமலே கிணற்றை அடைதல் கூடும். ஒரு வளவு பங்கு பிரிக்கப்பட்டு நான்கு வீடுகள் எழும்போது, நம் கிணற்றுக்கும் அயலவர் குழிக்கும் உள்ள இடைவெளி குறுகுகின்றது. மாரியில் நீர்மட்டம் உயர, ஆபத்தும் உயர்கின்றது.

1854 ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் புரோட் வீதியிலே வாந்திபேதி பரவியபோது, ஜோன் சினோ என்னும் வைத்தியர் இறந்தோரின் வீடுகளைக் கணக்கிட்டு, அவ்வீதியின் நீர்க்குழாயையே காரணமெனக் காட்டினார். அருகிருந்த மலக்குழியின் கசிவு அந்நீரிற் கலந்திருந்தது. அதன் சுவையை விரும்பித் தொலைவிலிருந்து தருவித்துப் பருகியோரும் இருந்தனர் என்பது நாம் மறத்தற்கரியது.

வயிற்றோட்டம், வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல் ஆகியவற்றின் கிருமிகள் கொதிநீரில் அழியும். நீர் நன்கு கொதித்துக் குமிழியெழுந்தபின் ஒரு நிமிடம் விட்டு, ஆறவைத்து, மூடிய பாத்திரத்திற் பேணுக. கழுவாத கையோடு செம்பை உள்ளே அமிழ்த்தின், கொதிக்கவைத்த பயன் அப்பொழுதே கெடும். மூக்குப்பேணியால் அண்ணாந்து பருகிய பழைய வழக்கம் இவ்விடத்துப் போற்றத்தக்கது. வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இடுதல் வேண்டும்.

கொதித்தல் எல்லாவற்றையும் தீர்ப்பதன்று. பசளையாலும் மலக்குழியாலும் சேரும் நைத்திரேற்று கொதித்தலால் நீங்காது. நீர் ஆவியாக, அதன் செறிவு மிகும். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமையே எல்லையாகக் கொண்டுள்ளது. அதனை மிஞ்சிய நீரிற் பாற்மாக் கரைத்துக் கைக்குழந்தைக்கு ஊட்டலாகாது.

வயிற்றோட்டத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடலின் நீரிழப்பே. ஜீவனி கிடையாதவிடத்து, ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமான 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்து, பிள்ளை சோர்ந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

பழைய மாணவர்களே, ஊரில் வீடு கட்டுவோராயின், கசியாத மலத்தொட்டியைக் கட்டி உரிய காலத்தில் அகற்றுவியுங்கள். மாணவர்களே, உங்கள் கிணற்றுக்கும் அயற்குழிகளுக்கும் உள்ள தூரத்தை அளந்து வீட்டாருக்குக் கூறுங்கள். வேலியும் மதிலும் நிலத்தின் மேலேதான். கீழே அயலெல்லாம் ஒரே நீரையே பருகுகின்றோம்.