செமஸ்டர் லீவில் ஒரு காடு, ஒரு மாடல்

எக்ஸாம் முடிந்தாச்சு. இந்த லீவிலாவது ஏ.ஐ. கற்றுக்கொள்ளணும் என்று ஒரு பக்கம் ஆசை, எங்கேயாவது ஊர் சுற்றணும் என்று இன்னொரு பக்கம் ஆசை. இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாம். பிச்சாவரம் போய் வாங்க.

சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே இருக்கும் அலையாத்திக் காடு அது. துடுப்புப் படகே எடுங்க. குறுகலான வாய்க்கால்களுக்குள் அதுதான் போகும். தண்ணீர் ஓரமாக, கால் ஊன்றி நிற்பதுபோல வளைந்த வேர்களோடு இருப்பது சுரபுன்னை. அதற்குப் பின்னால், பென்சில்களை நட்டு வைத்த மாதிரி சேற்றிலிருந்து மேலே நீட்டியிருப்பவை வெண்கண்டலின் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவு. அதனால்தான் வேர் மேலே எட்டிப் பார்க்கிறது.

இரண்டு மரங்களையும் மொபைலில் ஆளுக்கு ஐம்பது படம் எடுத்துக்கோங்க. அதுதான் உங்கள் டேட்டாசெட்.

வீட்டுக்கு வந்ததும் கூகுளின் டீச்சபிள் மெஷினைத் திறங்க. பிரவுசரிலேயே ஓடும், கோடிங் தேவையில்லை. இரண்டு வகுப்புகளாகப் படங்களைப் போட்டு டிரெயின் பட்டனை அழுத்தினால் போதும். வெறும் நூறு படத்தில் எப்படிக் கற்கிறது? ஏற்கெனவே லட்சக்கணக்கான படங்களைப் பார்த்து விளிம்பு, வடிவம், நிறம் எல்லாம் பழகிய ஒரு நியூரல் நெட்வொர்க் உள்ளே இருக்கிறது. கடைசி அடுக்கை மட்டும் உங்கள் மரங்களுக்காகப் புதிதாகப் பயிற்றுவிக்கிறார்கள். இதன் பெயர் டிரான்ஸ்ஃபர் லேர்னிங்.

துல்லியம் நூறு சதவீதத்தை நெருங்கலாம். உடனே ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க! இரண்டு பொறி இருக்கிறது.

ஒன்று: ஒரே மரத்தைப் பத்து கோணத்தில் எடுத்திருப்பீங்க. அதில் எட்டு படம் பயிற்சிக்கும் இரண்டு படம் சோதனைக்கும் போனால், கேள்வித்தாள் முன்கூட்டியே கிடைத்த மாணவன் கதைதான். இதை டேட்டா லீக்கேஜ் என்பார்கள். சோதனைக்கு வேறு மரங்களின் படங்களைத் தனியாக வையுங்க.

இரண்டு: சுரபுன்னைப் படங்களில் எல்லாம் தண்ணீர் இருக்கும், வெண்கண்டல் படங்களில் சேறு இருக்கும். மாடல் மரத்தைப் பார்க்காமலே தண்ணீரைப் பார்த்துப் பதில் சொல்லக் கற்றிருக்கலாம். தண்ணீர் தெரியாதபடி சுரபுன்னை இலையை மட்டும் கிட்டத்தில் எடுத்துக் காட்டிப் பாருங்க. தடுமாறினால் குட்டு வெளிப்பட்டது.

இது விளையாட்டு விஷயம் இல்லை. எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கும் மாடல்களைப் பற்றி 2018இல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதையே நெட்வொர்க் மிகத் துல்லியமாகக் கண்டுபிடித்துவிட்டது. வெளி மருத்துவமனைப் படங்களைக் கொடுத்தபோது பல ஒப்பீடுகளில் துல்லியம் குறைந்தது. மரத்துக்குப் பதில் தண்ணீரைப் பார்த்த அதே தவறுதான். ஆனால் இங்கே எதிரே இருப்பவர் நோயாளி.

நாளை இப்படிப்பட்ட மாடல்களைக் கட்டப்போவது நாம்தான். ஆன்லைன் கோர்ஸ் வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினாலும் சர்டிஃபிகேட் வந்துவிடும். டேட்டா எப்படி ஏமாற்றும் என்பது, வெயிலில் படகில் உட்கார்ந்து நீங்களே படம் எடுத்தால்தான் உறைக்கும்.

தொப்பியும் தண்ணீரும் மறக்காதீங்க. காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டு வந்துடுங்க.