தீவகத்தில் மனித உரிமை – 17: ஒரு மாதக் கெடு

போன வாரம் குமுதினிப் படகோடு நிறுத்தினோம். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. 1985 மே 15 என்ற திகதியை மட்டும் நினைவில் வைத்திருங்கள், கீழே தேவைப்படும்.

இந்த வாரம் ஆட்கொணர்வு மனு என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆசிரியரும் தொலைபேசியில் அதையேதான் கேட்டார். அதற்காக அரசியலமைப்பைப் புரட்டப் போன இடத்தில் உறுப்புரை 126 கையைப் பிடித்துக்கொண்டது. விட மாட்டேன் என்கிறது.

1978 அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயம் அடிப்படை உரிமைகளைச் சொல்கிறது. சித்திரவதை கூடாது, சட்டத்தின் முன் எல்லோரும் சமம், காரணம் சொல்லாமல் கைது செய்யக் கூடாது, இப்படி. இவற்றில் ஒன்றை அரசு மீறினால் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். நேரே என்றால் கொழும்பு புதுக்கடைக்கு. யாழ்ப்பாணத்து நீதிமன்றம் எதற்கும் இந்த மனுவை எடுக்கும் அதிகாரம் கிடையாது. 126இன் இரண்டாம் பிரிவு அதற்கு ஒரு கெடு வைக்கிறது: மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.

இதுவரை எல்லாச் சட்டத்தரணிகளுக்கும் தெரிந்த கதை. ஐந்தாம் பிரிவை வாசித்தபோதுதான் நான் கதிரையை விட்டு எழும்பினேன். மனு தாக்கலாகி இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் அதை விசாரித்து முடிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. மனுதாரருக்கு ஒரு மாதம், நீதிமன்றத்துக்கு இரண்டு மாதம். இரண்டும் ஒரே உறுப்புரைக்குள் சில வரி இடைவெளியில் இருக்கின்றன. இவற்றுக்கு நீதிமன்றம் கொடுத்த பொருளைப் பாருங்கள். மனுதாரரின் ஒரு மாதம் கட்டாயமானது. நீதிமன்றத்தின் இரண்டு மாதம் வழிகாட்டல் மட்டுமே, தாண்டினாலும் பழுதில்லை. அடிப்படை உரிமை மனு போட்டவர்கள் வருடக்கணக்கில் தவணைக்கு அலைவது இந்த வாசிப்பின் தயவில்தான்.

நீதியரசர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு மாதம் தாண்டியதும் மனு தானாகவே செத்துப்போகும் என்று பொருள்கொண்டால் நட்டப்படுவது மனுதாரர்தான். ஒத்துக்கொள்கிறேன். அந்த இரக்கத்தில் ஒரு பங்கை மனுதாரரின் ஒரு மாதக் கெடுவிலும் காட்டியிருக்கலாம். கொஞ்சம் காட்டியும் இருக்கிறார்கள். எதிரிசூரிய எதிர் நவரத்தினம் என்ற வழக்கில், கெடு கட்டாயமானதுதான், ஆனாலும் தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் பொருத்தமான வழக்கை ஏற்கலாம் என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு எந்த ஆண்டுத் தொகுதியில் அச்சாகியிருக்கிறது தெரியுமா? 1985.

இப்போது அந்தத் திகதியை எடுங்கள். மே 15 காலை நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட படகில் குறைந்தது 23 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். யூன் நடுப்பகுதியோடு கெடு முடிகிறது. காயம் ஆறுவதற்கே அது போதாது. அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. உரிமை மீறப்பட்டவர் தானாகவோ சட்டத்தரணி மூலமாகவோ மனுச் செய்யலாம் என்கிறது 126. கொல்லப்பட்டவர் எப்படி மனுச் செய்வார்? உயிர்வாழும் உரிமை என்று அந்த அத்தியாயத்தில் தனியே ஓர் உறுப்புரையும் இல்லை. பொலிஸ் காவலில் சித்திரவதைக்குள்ளாகிப் பின்னர் இறந்த ஒருவரின் மனைவி தொடுத்த ஸ்ரியானி சில்வா வழக்கில், 2003 ஆகும்போதுதான் இரண்டுக்கும் விடை கிடைத்து முடிந்தது: விதவை மனுச் செய்யலாம், உயிர்வாழும் உரிமை உறுப்புரை 13(4)க்குள் உட்கிடையாக உண்டு. குமுதினிக்கு 18 வருடம் பிந்திய விடை.

1990 இன்னும் மோசம். அந்த ஓகஸ்ட்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியது. மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் பக்கங்களில் பிடித்துச் செல்லப்பட்ட ஆண்கள் பலர் திரும்பவேயில்லை. தீவகத்துச் சரவணையிலிருந்து ஒரு தாய் புறப்படுகிறார் என்று வையுங்கள். பண்ணைப் பாலத்தால் போக முடியாது, யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை. யாழ்தேவி ரயில் யூனிலேயே நின்றுவிட்டது. கடலால் குடாநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தாலும் அங்கே புலிகளின் ஆட்சி. வெளியேற அவர்களிடம் பாஸ் எடுக்க வேண்டும். இவ்வளவையும் தாண்டி ஒரு மாதத்துக்குள் புதுக்கடை வாசலில் நிற்க வேண்டும்.

அந்தப் பாஸ் விவகாரத்தை இங்கே சும்மா செருகவில்லை. 126 கேட்பது நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலால் வந்த மீறலை மட்டுமே. நடமாடும் உரிமையைத் தடுத்தவர்கள் புலிகள் என்றால், பிள்ளையைப் பிடித்துப் போனவர்கள் இயக்கக்காரர் என்றால், மனுவில் பிரதிவாதி என்று எழுத ஆளில்லை. இந்தக் கணக்கு எவருடைய ஏட்டிலும் ஏறாது. ஏற்றத் துணிந்தவர்கள் மனித உரிமைகளுக்கான யாழ். பல்கலைக்கழக ஆசிரியர்கள். அரசு, இந்திய இராணுவம், இயக்கங்கள் என்று யாரையும் விடாமல் எழுதினார்கள். ‘முறிந்த பனை’யை எழுதிய நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம, உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர், 1989 செப்டெம்பர் 21இல் திருநெல்வேலியில் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுடப்பட்டார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இந்தத் தொடரில் ‘தனியாக எழுத வேண்டும்’ பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

மனித உரிமைகளைக் கற்பதற்கென்று கொழும்புப் பல்கலைக்கழகச் சட்ட பீடத்தில் ஒரு நிலையம் 1991இல் தொடங்கியது. என்னைக் கேட்டால் அந்தப் பாடத்தை 1948 டிசெம்பர் 10இன் உலகப் பிரகடனத்திலிருந்து தொடங்காமல் சரவணையில் நான் பார்த்த ஒரு பொலித்தீன் பையிலிருந்து தொடங்கலாம். அதன் சொந்தக்காரி ஓர் ஆச்சி. பையை விரித்துப் பாயில் ஒவ்வொன்றாக அடுக்கினார். அரசாங்க அதிபருக்குக் கொப்பித் தாளில் எழுதிய கடிதம், மடிப்பில் கிழிந்து ரேப் ஒட்டியது. விதானையாரின் உறுதிக் கடிதம். செஞ்சிலுவைச் சங்கத்துத் துண்டு. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம். காணாமற்போனோர் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழு 2014இல் யாழ்ப்பாணத்தில் அமர்ந்தபோது வந்த அழைப்பு.

“எல்லாம் ஒறிஜினலோ ஆச்சி?” என்றேன்.

“பின்னை? போட்டோக் கொப்பி வேறை பையிலை கிடக்குது தம்பி. ஆர் வந்தாலும் அதைத்தான் குடுக்கிறது. ஒறிஜினல் குடுத்தா திரும்பி வராது.”

கடிதங்களில் ஒவ்வொன்றின் தலையிலும் திகதி இருந்தது. வழக்கறிஞர் யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஆச்சி கற்றுக்கொண்ட சட்டம் அது.

அந்த முறைப்பாட்டு இலக்கத்துக்கு ஒரு பெறுமதி உண்டு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது மனித உரிமைகள் ஆணைக்குழு. அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கெடுவில் சேராது. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் அலுவலகம் இருக்கிறது. சரவணையிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். தீவகத்துக்கு இதைவிடப் பிரயோசனமான ஒரு பிரிவு எந்தச் சட்டத்திலும் இல்லை என்பது என் கட்சி. ஆனால் பிந்திய தீர்ப்புகள் இதையும் இறுக்கிவிட்டன. முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு இருந்தால் போதாதாம். விசாரணை உண்மையாகவே நடக்கிறது என்று மனுதாரர் காட்ட வேண்டுமாம். ஆணைக்குழு கோப்பைத் திறக்காவிட்டால் அதற்கும் ஆச்சிதான் பதில் சொல்ல வேண்டும்.

2006இல் இந்தப் பிரிவு நடைமுறையில் இருந்தது. ஆனாலும் ஓகஸ்ட் 11இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 வீதி மூடப்பட்டது. 20ஆம் திகதி அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற்போனார். பாதை மறுபடியும் அடைபட்ட ஒரு மாதம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் 1990ஆம் ஆண்டு விதிகளில் 44(7)இன் கீழ், வசதியில்லாத ஒருவர் எழுத்தில் முறையிட்டால், அது மனு வடிவில் இல்லாவிட்டாலும் நீதிமன்றம் மனுவாக ஏற்கலாம். வெறும் கடிதமே போதும். இந்தியாவில் சுனில் பத்ரா என்ற கைதி சிறையிலிருந்து எழுதிய கடிதத்தை அங்குள்ள உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்தது இப்படித்தான். ஆனால் 1990 ஓகஸ்ட்டில் எந்தத் தபாற்காரர் அதைக் கொழும்புக்குக் கொண்டு போயிருப்பார்?

சரவணையில் பிறந்து பாரிசில் வாழ்பவர் ஸ்திராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போவதானால் 4 மாதம் இருக்கிறது. முன்னர் 6 மாதம், 2022 பெப்ரவரியில் குறைத்தார்கள். அதுவும் சம்பவம் நடந்த நாளிலிருந்து அல்ல, உள்நாட்டின் இறுதித் தீர்ப்பிலிருந்து எண்ணுவது. ஊரில் இருக்கும் தங்கைக்குச் சம்பவத்திலிருந்து ஒரு மாதம்.

பக்கம் முடிகிறது, ஆட்கொணர்வு மனு அடுத்த வாரம். இம்முறை நிச்சயம். அதற்கு 126 போல ஒரு மாதக் கெடு இல்லை. 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாகாண மேல் நீதிமன்றத்திலேயே போடலாம், புதுக்கடைக்கு ஓட வேண்டாம். 1996இல் நாவற்குழியில் இராணுவத்தால் பிடிக்கப்பட்டுக் காணாமற்போன இளைஞர்களுக்காக 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாகின. 21 வருடத்துக்குப் பிறகு! அங்கிருந்து தொடங்குவோம்.