மீனுக்கு வழி விட்டார்களா?

அமெரிக்காவிலே, வாஷிங்டன் மாநிலத்திலே, எல்வா என்றோர் ஆறு. கடலிலிருந்து சால்மன் மீன்கள் அதில் ஏறிவந்து முட்டையிடும். கிளாலம் பழங்குடியினருக்கு அதுவே வாழ்வு.

முதலாளி வந்தான், 1913-இல் அணை எழுந்தது! மீன் ஏற வழி வேண்டும் என்றது சட்டம். விட்டானா? இல்லை! 1927-இல் மேலே இன்னோர் அணை! மின்சாரம் ஆலைக்கு, வெறும் வலை பழங்குடிக்கு!

அம்மக்கள் ஓய்ந்தார்களில்லை. பல்லாண்டு போராடினர். 1992-இல் சட்டம் பிறந்தது; 2011-இல் இடிப்பு தொடங்கிற்று; 2014-க்குள் ஈரணைகளும் அகன்றன. மீன் திரும்பிற்று! 2023-இல் அம்மக்கள் மீண்டும் அவ்வாற்றில் மீன் பிடித்தனர்.

தோழர்களே! அணையே ஆகாதென்பதல்ல நம் வாதம். வயலுக்கு நீர் தரும் அணை வேண்டும். ஆனால், கட்டுமுன் கேளுங்கள்: யாருக்காக? யார் வயிற்றில் அடித்து?