மாடர்ன் தியேட்டர்ஸ்

மாடர்ன் தியேட்டர்ஸ் என்பது சேலத்தில் ஏற்காடு மலையடிவாரத்தில் இயங்கிய திரைப்படத் தயாரிப்பு நிறுவனமும் படப்பிடிப்பு நிலையமும் ஆகும். இதை 1935-இல் திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் நிறுவினார். இவர் இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றவர்.

தமிழ்த் திரைத்தொழில் சென்னையில் மையம்கொண்டு வந்த காலத்தில், மாவட்ட நகரம் ஒன்றிலிருந்தே நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை இந்நிறுவனம் தயாரித்தது. அரங்குகள், ஒலிப்பதிவு, படச்சுருள் கழுவுதல், படத்தொகுப்பு ஆகியவை ஒரே வளாகத்தில் நடந்தன. நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் மாதச் சம்பளத்தில் பணியாற்றினர். கால ஒழுங்கும் திட்டமிட்ட செலவும் நிறுவனத்தின் அடையாளங்களாயின.

குறிப்பிடத்தக்க படங்கள்

- சதி அகல்யா (1937): முதல் தயாரிப்பு
- பாலன் (1938): மலையாளத்தின் முதல் பேசும்படம்
- உத்தம புத்திரன் (1940): பி. யு. சின்னப்பா இரட்டை வேடம்
- மந்திரி குமாரி (1950): மு. கருணாநிதி வசனம், எம்.ஜி.ஆர். நடிப்பு
- காடு (1952): அமெரிக்க நிறுவனத்துடன் கூட்டுத் தயாரிப்பு
- அலிபாபாவும் 40 திருடர்களும் (1956): தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம்
- கண்டம் பெச்ச கோட்டு (1961): மலையாளத்தின் முதல் வண்ணப்படம்

முடிவு

1963-இல் சுந்தரம் காலமான பின் அவர் மகன் இராமசுந்தரம் பொறுப்பேற்றார். நடிகர்களும் தொழில்நுட்ப வசதிகளும் சென்னையில் குவிந்திருந்தன. வெளிப்புறப் படப்பிடிப்பும் பெருகியது. நிரந்தரப் பணியாளர்களையும் பெரிய வளாகத்தையும் நம்பிய முறை இதனால் நலிந்தது. 1980-களின் தொடக்கத்தில் தயாரிப்பு நின்றது. வளாகம் இன்று இல்லை; ஏற்காடு சாலையில் நுழைவாயில் வளைவு மட்டும் எஞ்சியுள்ளது.