கிளம்பிவிட்டால் போதுமா?

தசராவின் பத்தாம் நாள் இரவு. குலசேகரன்பட்டினத்துக் கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிந்து, கூட்டம் கலைந்துகொண்டிருக்கிறது. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டி வந்த குழு ஒன்று, களைத்துப் போய்த் தன் வேனில் ஏறி உட்காருகிறது. டிரைவர் சாவியைத் திருப்புகிறார். ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்! வண்டி அசையவில்லை.

“என்னலே இது? காலையில ஒரே திருப்புல எடுத்துச்சே!”

“அதான் அண்ணாச்சி எனக்கும் புரியல. நேத்தும் இப்படித்தான் மக்கர் பண்ணிச்சு. பிறகு தானா சரியாப் போச்சு.”

“சரி, எல்லாரும் இறங்கித் தள்ளுங்கலே!”

குரங்கு வேஷக்காரர் வாலை இடுப்பில் செருகிக்கொள்கிறார். போலீஸ் வேஷக்காரர் தொப்பியைக் கழற்றி ஸீட்டில் வைக்கிறார். காளி வேஷம் கட்டியவர், தமக்கு உபரியாக இருந்த ஆறு கைகளையும் அவிழ்த்துவிட்டு, சொந்தக் கை இரண்டினால் முக்கித் தள்ளுகிறார். வேன் உறுமிக்கொண்டு புறப்படுகிறது. “கிளம்பிட்டு!” என்று ஒரே ஆரவாரம்!

காட்சி என் கற்பனைதான். ஆனால் கார், வேன், ஸ்கூட்டர் ஏதாவது ஒன்றை வைத்திருக்கும் நேயர்களில் இந்த அனுபவம் இல்லாதவர் அபூர்வம். அந்த ஆரவாரத்தில்தான் ஆபத்து இருக்கிறது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

அடியோடு கெட்டுப்போன வண்டி ஒரு வகையில் நல்ல வண்டி. எப்போது சோதித்தாலும் குற்றத்தை ஒப்புக்கொள்ளும். இருந்திருந்து மக்கர் செய்யும் வண்டி அப்படியல்ல. வைத்தியர் வீட்டுத் திண்ணையில் ஏறியதும் விட்டுப்போகும் வயிற்றுவலி மாதிரி, மெக்கானிக்கைக் கண்டதும் அதன் வியாதி ஒளிந்துகொள்ளும். “ஒன்றுமில்லையே ஸார், நன்றாகத்தானே இருக்கிறது!” என்று அவரும் அனுப்பிவிடுவார். மறுநாள் பாதி வழியில் மறுபடி ‘டக்’!

தானாகச் சரியானது தானாகவே மறுபடியும் கெடும். இந்தப் பாடத்தை நமக்குச் சொல்லிக் கொடுக்கத் தகுதியானவர்கள் குலசேகரன்பட்டினத்துக்கே வந்திருக்கிறார்கள். அவர்கள் ராக்கெட்காரர்கள்.

இந்த ஊர்ப் பக்கத்தில் இந்தியாவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். அன்றைக்கே ரோகிணி வகையைச் சேர்ந்த சிறு ராக்கெட் ஒன்றையும் இங்கிருந்து விட்டுப் பார்த்தார்கள். ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது குலசை எதற்கு என்று கேட்கலாம். அங்கிருந்து தெற்கே போகும் ராக்கெட், இலங்கையின் மேல் பறக்காமல் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அந்த வளைவில் எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து நேரே தெற்கே பார்த்தால் இந்துமகா சமுத்திரம்தான். எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய ராக்கெட்டின் உயரம் 34 மீட்டர். சுமக்கும் பாரம் சுமார் 500 கிலோ. அவ்வளவு சிறிய வண்டிக்கு ஒவ்வொரு கிலோவும் பெரிசு.

ராக்கெட்டும் ஒரு வண்டிதானே? அதுவும் கிளம்ப மறுப்பதுண்டு.

2001 மார்ச் 28-ம் தேதி. ஸ்ரீஹரிகோட்டாவில் முதல் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் நின்றது. உயரம் 49 மீட்டர்; எடை சுமார் 400 டன். அதன் நடுவில் இருப்பது திட எரிபொருள். அது தீபாவளி வாணம் மாதிரி. பற்றவைத்தால் அணைக்க முடியாது. சுற்றிலும் இருப்பவை நான்கு திரவ எஞ்சின்கள். அவை அடுப்பு மாதிரி, திருகினால் அணைந்துவிடும். ஆகையால் அணைக்கக்கூடிய நான்கையும் ஐந்து வினாடி முன்னதாகவே பற்றவைத்து, நான்கும் ஒழுங்காகத் தள்ளுகின்றனவா என்று கம்ப்யூட்டர் பார்க்கும். பார்த்த பிறகுதான் நடுவிலுள்ளதற்கு நெருப்பு.

அன்று நெருப்பும் புகையும் கிளம்பின. ராக்கெட் கிளம்பவில்லை. நான்கில் ஒன்று போதிய பலத்துடன் தள்ளவில்லை என்று கண்ட கம்ப்யூட்டர், ஒரே ஒரு வினாடி பாக்கி இருக்கும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டது!

“இன்னொரு தரம் திருப்பிப் பார்க்கலாம்” என்று யாரும் சொல்லவில்லை. கோளாறைத் தேடிப் போனார்கள். எரிபொருளை எரியச் செய்யும் திரவம் வருகிற குழாய் வழியில் அது அகப்பட்டது. அதைச் சரிசெய்து, 21 நாள் கழித்து ஏப்ரல் 18-ம் தேதி அதே ராக்கெட்டைக் கிளப்பினார்கள்.

2013 ஆகஸ்ட் 19-ம் தேதி இன்னொரு ஜி.எஸ்.எல்.வி. புறப்பட 1 மணி 14 நிமிஷம் இருக்கையில் இரண்டாவது அடுக்கின் எரிபொருள் கசிந்தது. பயணத்தை நிறுத்தினார்கள். தொட்டி செய்த உலோகமே அரிப்பினால் விரிசல் விடும் ஜாதி என்று தெரிந்தது. ஓட்டையை அடைத்து ஒப்பேற்றவில்லை. வேறு உலோகத்தில் தொட்டி செய்தார்கள். நாலரை மாதம் கழித்து, 2014 ஜனவரி 5-ம் தேதி புறப்பட்ட அந்த ராக்கெட்தான், இந்தியாவில் செய்த கிரையோஜெனிக் எஞ்சினை முதன்முதலில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியது.

2023 அக்டோபர் 21-ல் நடந்தது வேறு தினுசு. ககன்யான் திட்டத்தின் சோதனை ராக்கெட், 5 வினாடி இருக்கும்போது நின்றுவிட்டது. தேடிப் பார்த்தால், ஆட்சேபணை கிளப்பியது கண்காணிப்பு ஏற்பாட்டில் நேர்ந்த ஒரு கோளாறு! காரணம் தெரிந்ததும் அன்று காலை 10 மணிக்கே ஏவிவிட்டார்கள். 21 நாளோ, நாலரை மாதமோ, ஒரு மணி நேரமோ, காரணம் தெரியும் வரையில் காத்திருந்தார்கள். தெரிந்த பிறகே கிளம்பினார்கள்.

நம் வேனுக்கு வருவோம். அதற்குக் கம்ப்யூட்டர் கூடம் வேண்டாம். காதும் கண்ணும் ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் போதும்.

முதல் கேள்வி: சாவியைத் திருப்பும்போது எஞ்சின் சுற்றுகிறதா, சுற்றவே இல்லையா? இரண்டும் வெவ்வேறு வியாதிகள்.

சுற்றவில்லை என்றால், முன் விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொல்லி, எதிரே நின்று பாருங்கள். விளக்கு மங்கி அழுதால் மின்சாரம் போதவில்லை: பாட்டரி, அதன் முனைகள், எர்த் வயர் ஆகியவற்றில் தேடவேண்டும். விளக்கு மங்காமல் பிரகாசித்தால், மின்சாரம் ஸெல்ஃப் மோட்டாருக்குள் போகவில்லை: சாவி ஸ்விட்ச், ரிலே, ஸெல்ஃப் மோட்டார் இவற்றைச் சந்தேகிக்கவேண்டும்.

எஞ்சின் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், பெட்ரோல் வண்டியில் பெட்ரோல் வரவில்லை, அல்லது நெருப்புப் பொறி வரவில்லை. நெடுந்தூரம் ஓடிச் சூடாக நிற்கையில் மறுத்து, கால் மணி ஆறியதும் ஒன்றும் அறியாததுபோல் கிளம்பும் வண்டிகள் உண்டு. எஞ்சின் சுற்றுவதைக் கவனித்துச் சொல்லும் ஸென்சார் சூட்டில் மயங்கி, ஆறியதும் தெளிவது இதற்கு ஒரு காரணம்.

கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு விசேஷ எச்சரிக்கை. குலசையிலிருந்து தூத்துக்குடி வரையில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் உலோகத்தை அரிக்கும். பாட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். “விளக்கு எரிகிறதே, ஹார்ன் அடிக்கிறதே, பாட்டரிக்கு என்ன?” என்று கேட்கவேண்டாம். விளக்குக்குச் சில ஆம்பியர் போதும். கார் ஸெல்ஃப் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். தூர்ந்த வாய்க்காலில் ஒரு குடம் மொண்டுகொள்ளலாம். வயலுக்குப் பாய்ச்ச முடியுமா? வண்டி குலுங்கும்போது அந்த முனை ஒரு மயிரிழை நகர்ந்து நன்றாகத் தொட்டுக்கொள்ளும். உடனே கோளாறு மாயம்!

முனைகளைச் சுத்தம் செய்வது எளிது. எஞ்சினை நிறுத்திவிட்டு நெகடிவ் முனையை முதலில் கழற்றவேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டவேண்டும். சமையல் சோடா கரைத்த நீரால் தேய்த்து, துடைத்து, உலர்த்தி, இறுக மாட்டி, மேலே கொஞ்சம் வாஸலைன் தடவுங்கள். கலங்கள் திறக்கும்படியான பாட்டரியானால், சோடா நீர் உள்ளே போகாமல் ஜாக்கிரதை!

அதற்கும் கேட்காவிட்டால் நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். மறுத்தது எந்த வேளை, வெயிலா மழையா, வண்டி நின்று எவ்வளவு நேரம், என்ன சத்தம் கேட்டது என்று ஒவ்வொரு தடவையும் குறியுங்கள். நாலைந்து குறிப்பு சேர்ந்தால் வியாதியின் ஜாதகம் கிடைத்துவிடும். மெக்கானிக்கிடம் வண்டியோடு அதையும் கொடுங்கள். முடிந்தால் வண்டி மறுத்து நிற்கும்போதே அவரை அழைத்து வந்து அளக்கச் சொல்லுங்கள். 12 வோல்ட் பாட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டவேண்டும். ஸெல்ஃப் சுற்றும்போது 10-க்கு வெகுவாகக் கீழே விழக்கூடாது. எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டி இருக்கவேண்டும்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பாட்டரி, ஸெல்ஃப், வயர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், குணமானது எதனால் என்று தெரியாது. மூன்றுக்கும் பணம் கொடுத்தது மட்டும் தெரியும்.

தசரா கூட்டத்தில் வண்டி நின்றால் தள்ளுவதற்கு ஆயிரம் பேர். நள்ளிரவில், பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் வேளையில் அதே ‘டக்’ சத்தம் கேட்டால், தள்ள யார் வருவார்கள்? அந்த இரவுக்காகத்தான், வண்டி ஒழுங்காகக் கிளம்பிய காலையிலேயே, நேற்று ஏன் கிளம்பவில்லை என்று தேடவேண்டும்.

அடுத்த தசராவிலாவது காளியம்மன் எட்டுக் கைகளோடும் ஸீட்டில் உட்கார்ந்தே வீடு போய்ச் சேரட்டும்!