வெயிலில் நைந்த பாலித்தீனுக்கு ஒரு வழி

சிம்பாங் பூலாய் சாலையில் கேமரன் மலை ஏறிக் கம்போங் ராஜாவை நெருங்கும்போது, தேயிலையைவிட பிளாஸ்டிக் கூரைகள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. காய்கறிச் செடிகளை மழையிலிருந்து காக்கும் பாலித்தீன் தாள் அது. வெயில் தாங்கும் ரசாயனம் கலந்தே செய்கிறார்கள். ஆனாலும் சில ஆண்டுகளில் நைந்து கிழிந்துவிடும்.

கிழிந்ததை உருக்கிப் புதுத் தாள் செய்யலாமே? பாலித்தீன் என்பது ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்களைக் கோத்த மணிமாலை. புற ஊதாக் கதிர் அந்த மாலையை ஆங்காங்கே அறுத்துவிடுகிறது. உருக்கினாலும் அறுந்த இழை ஒட்டாது. பழைய உறுதி திரும்பாது.

வெப்பச் சிதைவு முறைக்கு இது ஒரு குறையே இல்லை. அறுப்பதுதானே அதன் வேலை! ஆக்சிஜன் புகாத கலனில் 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் பாலித்தீன் எரியாது. சங்கிலி துண்டு துண்டாகி ஆவியாகும். ஆவியைக் குளிர்வித்தால் எண்ணெய் கிடைக்கும். குளிராத வாயுவை உலைக்கே எரிபொருளாக்கலாம். எண்ணெயைச் சுத்திகரித்து, நீராவியோடு 800 டிகிரி அளவில் மறுபடி உடைத்தால் எத்திலீன் வரும். அதைக் கோத்தால் புத்தம் புதிய பாலித்தீன். எரிஉலையில் போட்டால் மிஞ்சுவது சாம்பலும் புகையும்தான்.

பெட்ரோனாஸ் கெமிக்கல்ஸ் இந்த முறையில் ஜொகூர் மாநிலம் பெங்கேராங்கில் ஆலை கட்டப்போவதாக 2023 நவம்பரில் அறிவித்தது. திட்டமிட்ட கொள்ளளவு ஆண்டுக்கு 33,000 டன். தொழில்நுட்பம் பிளாஸ்டிக் எனர்ஜி நிறுவனத்துடையது.

'முடிவில்லா மறுசுழற்சி' என்ற விளம்பரப் பேச்சை மட்டும் நான் நம்புவதில்லை. நாப்தா போன்ற எண்ணெயை உடைத்தால் எத்திலீனாக வருவது சுமார் மூன்றில் ஒரு பங்கு. மற்றவை வேறு வாயுக்களும் எண்ணெய்களும். இரண்டு முறை சூடாக்கும் செலவும் உண்டு. வெயில் படாத, சுத்தமான பாலித்தீன் பையை உருக்குவதே மலிவு. ரசாயன வழி உருக்கத் தேறாததற்குத்தான்.

மலைத்தோட்டத் தாளோ சேறோடு வரும். மண் கலனுக்குள் கசடாகப் படியும். பாசன பிவிசி குழாய்த் துண்டு கலந்துவிட்டால் இன்னும் மோசம்: அதிலுள்ள குளோரின் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி இரும்பை அரிக்கும். ஆகவே பிரித்து, கழுவி, உலர்த்தி, பலநூறு கிலோமீட்டர் லாரியில் தெற்கே அனுப்ப வேண்டும். கழுவிய நீரைத் தேங்கவைத்துத் தெளியவிடாமல் விட்டால் அது மலையிலேயே ஓடும் தெலோம் ஆற்றில் கலக்கும். அந்த ஆற்று நீரைச் சுரங்கவழியில் திருப்பி, பெர்தாம் ஆறு வழியாக ரிங்லெட் நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே வண்டலும் குப்பையும் ஏற்கெனவே பெரும் தொல்லை.