சொல்லின் வேரும் தீவகப் பேச்சும்

யாழ்ப்பாணத் தீவகத்தைச் சேர்ந்த புங்குடுதீவிலே குறிகட்டுவான் என்றோர் இறங்குதுறை உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் அங்கேதான் படகேறுவர். அப்பெயர் வந்த வரலாறு வேறு ஆராய்ச்சி. ஈண்டு அதன் வடிவத்தை மட்டும் நோக்குவோம். கட்டு என்பது பகுதி. வகரம் எதிர்காலங் காட்டும் இடைநிலை. ஆன் என்பது ஆண்பால் விகுதி. ‘அவன் நாளை வேலி கட்டுவான்’ என்றால் அஃது வினைமுற்று. ‘குறிகட்டுவானுக்குப் போகிறான்’ என்னும்போதோ, அதே வடிவம் வேற்றுமையுருபை ஏற்றுப் பெயராய் நிற்கிறது. சொல்லின் முகத்தைப் பார்த்தவுடன் அதன் சாதியைத் தீர்மானிப்போர் இங்கே ஏமாறுவர்.

பவணந்தி முனிவர் நன்னூலில் வினைப்பகுதிகளுக்கு நட, வா முதலாக 23 ஏவற்சொற்களை எடுத்துக்காட்டினார். தாய் குழந்தையை நோக்கி ‘வா’ என்கிறாளே, அந்தச் சிறுசொல்லே வினையின் வேர். அவ்வேர் சில வேளைகளில் எவ்வித மாற்றமுமின்றிப் பெயராகிவிடும். நெடுந்தீவில் வேலிகளைப் பவளக்கற்களால் எழுப்புவர். ‘கல்லை அடுக்கு’ என்றால் ஏவல். ‘மேலடுக்குச் சரிந்தது’ என்றால் பெயர். மீன்பிடி என்பதிலுள்ள ‘பிடி’யும் அத்தகையதே.

வேறு சில வேர்கள் முதலெழுத்து நீண்டு பெயராகும். வலையிலே மீன் படுகிறது. பட்டதைக் கடற்றொழிலாளர் மீன்பாடு என்பர். படு என்பதே பாடு ஆயிற்று. சுடு, சூடு ஆவதும், கெடு, கேடு ஆவதும் இவ்வாறே. நீதிமன்றிலும் பொலிஸ் நிலையத்திலும் பதியும் முறைப்பாடு, வீட்டிலே பேசும் கட்டுப்பாடு, புலவர் கூறும் கோட்பாடு ஆகிய யாவும் இந்தப் படுவின் மக்களே. மாணாக்கர் சிலர் இவற்றைப் பண் பாடுதலோடு உறவாக்கிவிடுகின்றனர். அந்தப் ‘பாடு’ வேறு வேர். அதன் பெயர் பாட்டு.

பிலிப்பைன் தீவுகளில் வழங்கும் தகாலோக் மொழியின் வழக்கம் சற்று வேறானது. அங்கே மீனுக்கு ‘இஸ்டா’ என்று பெயர். அதன் முன்னே ஓர் ஒட்டைச் சேர்த்து ‘மங்கிஸ்டா’ என்றால் மீன்பிடித்தல் என்னும் வினையாகிவிடும். தமிழில் ‘மீன்’ என்பதற்குக் காலங்காட்டும் இடைநிலையைச் சேர்த்து வினையாக்க இயலாது. ‘பிடி’ என்னும் வினை துணைக்கு வரவேண்டும். தகாலோக்கில் ஒட்டு முன்னும் வரும், இடையிலே புகுந்தும் நிற்கும். ‘கயின்’ என்பது உண்ணுதலின் வேர். ‘குமயின்’ என்றால் உண்டான். தமிழிலோ விகுதியும் இடைநிலையும் வேருக்குப் பின்னரே நிற்கும்.

நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947) தமிழ்ச் சொற்களின் வேர்களைத் தேடுவதிலே நெடுங்காலம் உழைத்தவர். அவர் கண்ட முடிவுகள் அனைத்தையும் இன்றைய மொழிநூலார் ஏற்பதில்லை. ஒலி ஒத்தவெல்லாம் ஒரு வேரின என்று கொள்ளல் ஆகாது. ‘பெயர்’ என்னும் சொல்லே அதற்குச் சான்று. நாமத்தைக் குறிப்பதும் பெயர். இடம்விட்டு நீங்கு என்னும் ஏவலும் பெயர். 1990ஆம் ஆண்டுப் போரிலே தீவக மக்களுட் பெருந்தொகையினர் ஊரைவிட்டு அகன்றனர். அதைக் குறிக்கும் இடப்பெயர்வு என்னும் சொல்லில் வினைவேரோடு ‘வு’ என்னும் தொழிற்பெயர் விகுதி சேர்ந்துள்ளது. ஊர்காவற்றுறை, வேலணை என்பன இடப்பெயர்கள். இங்கே அவ்விகுதி இல்லை. பிள்ளைகளின் கட்டுரையில் அந்த ஓரெழுத்து விடுபட்டால், குடும்பம் ஒன்று வீட்டைத் துறந்த செய்தி வெறும் ஊர்ப்பெயராகிவிடும்.